எந்தக் குழந்தைக்கு ஆசிரியர்?



கல்யாணிலிருந்து ஓர் அன்னையார் நம் சங்கத்துக்கு எழுதிய கடிதம் இத்திங்கள் என்னிடம் சேர்ந்தது. அவர் மகள் 12-ஆம் வகுப்பில் 62 விழுக்காடு பெற்றுத் தேறியிருக்கிறாள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாக வேண்டும் என்பது அப்பெண்ணின் விருப்பம். தாய்க்கும் அதில் மகிழ்ச்சியே, வழிதான் புலப்படவில்லை. "முதலில் பி.ஏ. முடிக்கட்டும், பிறகு பி.எட். பார்க்கலாம் என்கிறார் என் தம்பி. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்று போதும் என்கிறார் பக்கத்து வீட்டார். ஒரு விளம்பரமோ, வீட்டில் இருந்தபடியே ஓராண்டில் டிப்ளோமா என்று அழைக்கிறது. என் கணவர் இன்னும் 4 ஆண்டுகளில் ஓய்வு பெறுவார். அதன்பின் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கே திரும்புவதாக எண்ணம். இங்கே பெறும் சான்றிதழ் அங்கே செல்லுமா? எவ்வழியில் அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

இவ்வினா ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மாற்றலும் ஓய்வும் நம்மைப் போன்ற குடும்பங்களை இடம் பெயர்த்துக்கொண்டே இருப்பவை. ஆதலின் எல்லார்க்கும் பயன்படுமாறு இங்கேயே விடை எழுதுகிறேன். நான் மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆசிரியத் தொழிலில் பயின்றவன் அல்லேன். எனினும் சட்டத்தையும் விதிகளையும் சுற்றறிக்கைகளையும் பொறுமையோடு படித்து, அவற்றின் பொருள் யாதெனப் பிறர்க்கு எடுத்துச் சொல்வது குமாஸ்தாவின் தொழில் அன்றோ? அந்த அளவில் ஏற்றுக்கொள்க.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்னும் சொல் பெரும்பாலும் ஓவியம், தையல், இசை, உடற்பயிற்சி ஆகியவற்றைக் கற்பிப்போரைக் குறிக்கும். நாம் பேசுவது அதுவன்று. பார்வை, செவி, அறிவு வளர்ச்சி, கற்றல் முதலியவற்றில் குறைபாடுடைய குழந்தைகளுக்கு அவரவர்க்கு ஏற்ற முறையில் கற்பிக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியரைப் பற்றியது. வேலை அறிவிப்பைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

இத்தொழிலுக்குக் காவல் வாயில் ஒன்று உண்டு. ரிஹாபிலிடேஷன் கவுன்சில் என்று வழங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகமே அது. இதற்கான சட்டம் 1992-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்தது. இத்துறையில் எந்தப் பயிற்சி செல்லும், எந்த நிறுவனம் அதனை நடத்தலாம் என்று வரையறுப்பது இக்கழகமே. பயிற்சி முடித்தவர் பெயரை மத்தியப் பதிவேட்டில் ஏற்றி ஓர் எண் வழங்குவதும் அதுவே. பதிவு பெறாமல் மறுவாழ்வுத் தொழில் புரிவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில், வேலை தரும் பள்ளி முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான். அதில்லாச் சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுதற்கு உதவும்; சம்பளப் பட்டியலில் பெயர் ஏறுதற்கு உதவாது.

இவ்வொரு செய்தியை உரைகல்லாகக் கொண்டால் அன்னையார் குறித்த வழிகளுள் இரண்டைப் பற்றிய ஐயம் தீர்ந்துவிடும். ஆறு மாதப் பயிற்சிகள் எல்லாம் பொய்யல்ல. சமூகத்தில் வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வழி காட்டும் களப்பணியாளரை உருவாக்க, மறுவாழ்வுக் கழகமே 2021-இல் ஆறு மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கிற்று. நல்ல பயிற்சிதான், ஆனால் அதை முடித்தவர் களப்பணியாளரேயன்றிப் பள்ளி ஆசிரியர் ஆகார். அவ்வாறே, சைகை மொழி பெயர்ப்பாளர்க்கென உள்ள டிப்ளோமா மொழிபெயர்ப்பாளரைத்தான் ஆக்கும். பி.எட். பட்டம் கூடப் பொதுக் கல்விக்குரியதாயின் தனித்து நின்று இப்பதிவைப் பெற்றுத் தராது. வீட்டில் இருந்தே ஓராண்டில் டிப்ளோமா என்னும் விளம்பரத்தாரிடம் ஒரே வினாவை எழுத்து மூலம் கேளுங்கள்: "உங்கள் பயிற்சியை முடித்தால் என் மகளுக்கு மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் கிடைக்குமா?" நேர் விடை வாராதாயின் பணத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் இவ்வாறே ஒரு நிறுவனத்தில் பணம் கட்டி, பயின்று, முத்திரையிட்ட தாளும் பெற்றாள். வேலைக்குச் சென்ற மூன்று பள்ளிகளிலும் பதிவு எண்ணைக் கேட்டு, இல்லையென்றதும் உதவியாளர் வேலை தருகிறோம் என்றார்கள். குழந்தைகளிடம் அவளுக்கு இருந்த அன்பிலோ உழைப்பிலோ குறையில்லை. தாளில்தான் குறை. இத்தகைய இழப்பு இன்னொரு வீட்டுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இத்திங்கள் இதனை எழுத முதற் காரணம்.

இனி, செல்லும் வழிகளைக் காண்போம். பெரிய வாயில்கள் இரண்டு.

ஒன்று, சிறப்புக் கல்வியில் டி.எட். டிப்ளோமா. 12-ஆம் வகுப்பில் 50 விழுக்காடு பெற்றவர் சேரலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குத் தளர்வு உண்டு. காலம் 2 ஆண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க இது தகுதி.

மற்றொன்று, சிறப்புக் கல்வியில் பி.எட். பட்டம். ஏதேனும் ஒரு பட்டப் படிப்பில் 50 விழுக்காடு பெற்றவர்க்குரியது. 2015 முதல் இதன் காலம் 2 ஆண்டாயிற்று. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்க இது வழி. இதற்கு மேல் எம்.எட். உண்டு, ஆசிரியர்க்கு ஆசிரியராக விரும்புவோர் பின்னாளில் அதனை நாடலாம்.

மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்விலும் இப்பிரிவினை காணலாம். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு முதல் தாள். 6 முதல் 8 வரை இரண்டாம் தாள். தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு 7 ஆண்டே செல்லும். 2021-இல் அதனை வாழ்நாள் முழுதும் செல்லுமாறு மாற்றினர். அத்தேர்வில் மொழிப் பாடத்துக்குத் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது.

அன்னையார் மகளுக்கு எது பொருந்தும்? இரண்டு வழியிலும் நன்மை உண்டு, விலையும் உண்டு. டி.எட். எனில் 2 ஆண்டில் பதிவு எண் கைக்கு வரும். 20 வயதில் சம்பாதிக்கத் தொடங்கலாம். தந்தையார் பணியில் இருக்கும்போதே, மும்பையில் இருக்கும்போதே படிப்பு முடிந்துவிடும். பட்டமும் பி.எட்.டும் எனில் 5 ஆண்டு ஆகும். அதற்கிடையில் தந்தையார் ஓய்வு வந்துவிடும். ஆனால் ஒன்றைக் கருதுக. 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியர் பணிக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்த தகுதியாக வேண்டும் என்று குறிக்கிறது. பயிற்சிகளின் கால அளவும் அமைப்பும் இக்கொள்கைக்கு ஏற்ப மாறி வருகின்றன. ஆகவே டி.எட்.டில் சேருகிறவர் அதனைக் கடைசி நிலையம் என்று கருதி இறங்கிவிடலாகாது. அது நடுவழிச் சந்திப்பு. வேலையில் இருந்துகொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் பி.எட். படித்து முன்னேறுதல் வேண்டும்.

இக்குடும்பத்தின் நிலையில் நான் சொல்வது இது: சிறு குழந்தைகளிடத்து அப்பெண்ணுக்கு விருப்பம் இருக்குமாயின் டி.எட். முதலில், வேலையோடு பட்டம், பின் பி.எட். அவளுக்குக் கணக்கோ விஞ்ஞானமோ வரலாறோ உயிராக இருந்து, வளர்ந்த மாணவர்க்கு அதனைக் கற்பிக்கவே ஆசையெனின், மாமன் சொல்வதே சரி. அவசரத்துக்காக ஒருத்தியின் விருப்பத்தைத் திருப்பிவிட வேண்டா.

நிற்க. வீடுகளில் இதுவரை பேசப்படுவது 'எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம்' என்பதே. அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில், எவ்வகைக் குறைபாட்டில் பயிற்சி வேண்டும் என்று குறிக்க வேண்டும். பலர் இடம் கிடைத்த பிரிவில் சேர்ந்துவிடுகின்றனர். அக்கட்டத்தில் இடும் ஒரு குறி, அடுத்த 30 ஆண்டுகள் எந்தக் குழந்தையின் அருகே உட்காரப் போகிறோம் என்பதை முடிவு செய்கிறது. கல்யாண் சந்திப்பில் கசாரா வண்டியும் கர்ஜத் வண்டியும் ஒரே நிலையத்திலிருந்துதான் புறப்படும். ஏறியபின் சேரும் ஊர் வேறு. ஆதலின் குழந்தையை முதலில் தேர்ந்துகொள்க, சான்றிதழைப் பின்னர்.

பார்வைத்திறன் குறைபாட்டுப் பிரிவில் ஆறு புள்ளி பிரெய்ல் எழுத்து, கணக்குக்கு மணிச்சட்டம், வெண்கோலோடு நடக்கக் கற்பித்தல் ஆகியன பயில்வர். விரல் நுனியால் உலகைக் கற்பிக்கும் பொறுமை வேண்டும். நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழ் 'அ'வுக்கும் மராத்தி 'அ'வுக்கும் ஒரே புள்ளிதான். மும்பையில் மராத்தி பிரெய்ல் பயின்றவள், ஊருக்குத் திரும்பித் தமிழ் பிரெய்ல் கற்பிக்க மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை.

செவித்திறன் குறைபாட்டுப் பிரிவில் காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடத்தைப் படித்தல், செவிக்கருவியைப் பேணல், பேச்சையும் சைகையையும் கொண்டு மொழியை ஊட்டுதல் என்பன பாடம். இந்தியச் சைகை மொழி ஆய்வுப் பயிற்சி மையம் 2015-இல் டில்லியில் அமைக்கப்பட்டது. அது வெளியிட்ட சைகை அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டிற்று. இப்பிரிவில் காலமே செல்வம். மொழி ஊன்றும் இளமைப் பருவம் வீணாயின் பின்னர் ஈடு செய்வது அரிது.

அறிவுத்திறன் குறைபாட்டுப் பிரிவில், சட்டைப் பொத்தான் போடுவதைக் கூடப் பல சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கற்பிப்பர். ஒரு படிக்கு ஒரு திங்கள் ஆகலாம். அந்தத் திங்களின் முடிவில் குழந்தை தானே பொத்தானைப் பூட்டும்போது மகிழத் தெரிந்தவர்க்கே இப்பிரிவு.

ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் ஒழுங்கு, அமைதி, நேரம் தவறாமை, முகத்தைப் பாராமலே மனத்தை அறியும் நுட்பம் ஆகியன வேண்டும். கற்றல் குறைபாடு என்பது வேறு. வாயால் கேட்டால் அனைத்தும் சொல்வான். எழுத்தைக் கண்டால் திணறுவான். எட்டு வயதளவில்தான் இது தெளிவாகப் புலப்படும். அதுவரை சோம்பேறி என்று அடி வாங்கியிருப்பான். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுடைய குழந்தைகளுக்கெனப் பல்வகைக் குறைபாட்டுப் பிரிவும் உண்டு. எல்லாப் பிரிவும் எல்லா நிறுவனத்திலும் இராது, கேட்டறிந்து விண்ணப்பிக்க.

1995-இன் பழைய சட்டம் குறைபாடுகளை 7 வகையாகவே எண்ணிற்று. 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையாக விரித்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்பட்டியலில் இடம் பெற்றன. சட்டம் குறித்த அளவு குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அண்மைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. உரிமை தாளில் வந்துவிட்டது. அதனை வகுப்பறையில் கொண்டு சேர்க்கும் ஆசிரியர்தான் போதவில்லை.

இவ்விடத்தில் நம்மைப் போன்றோர்க்கே உரிய செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஊரிலிருந்து வந்து மராத்திப் பள்ளியில் சேர்ந்தான். ஓராண்டு வாய் திறக்கவில்லை. மூளை வளர்ச்சி போதாது, சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு போன தாய்க்கு அங்கே ஒரு தமிழ் ஆசிரியை வாய்த்தார். அவர் சிறுவனை மடியருகே இருத்தி, "தம்பி, பத்து ரூபாய் கொண்டுபோய் மூன்று ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று தமிழில் கேட்டார். "ஏழு" என்றான். இன்னும் பத்துக் கணக்குக் கேட்டார். பத்துக்கும் விடை வந்தது. அவனுக்கு மராத்தி தெரியாது. அவ்வளவே.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அதே குடியிருப்பில் உண்டு. ஒரு பெண் குழந்தை பேசவில்லை. வீட்டில் தமிழ், வெளியே இந்தி, பள்ளியில் ஆங்கிலம். குழம்பியிருக்கிறாள், நாளடைவில் சரியாகிவிடும் என்று எல்லாரும் ஆறுதல் கூறினர். மூன்று ஆண்டு கழித்துச் செவிச் சோதனை செய்தபோதுதான் காது கேட்கவில்லை என்பது தெரிந்தது. அம்மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

குறைபாடில்லாக் குழந்தையைக் குறைபாடுடையது என்பதும், குறைபாடுள்ள குழந்தையை மொழிக் குழப்பம் என்று விட்டுவிடுவதும் புலம்பெயர்ந்த வீடுகளுக்கு நேரும் இருவகைக் கேடுகள். இரண்டையும் தடுக்க வல்லவர், குழந்தையின் வீட்டு மொழியையும் பள்ளி மொழியையும் ஒருங்கே அறிந்த பயிற்சி பெற்ற ஆசிரியரே. குறைபாடுள்ள குழந்தையிடம் வீட்டு மொழியை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கு இரு மொழி கேட்பதால் தீங்கு விளைவதாக அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் காணவில்லை. தாய் தாலாட்டும் மொழியைப் பறித்துவிட்டால் அக்குழந்தைக்கு வீட்டில் பேச எவர் உளர்?

நான் இருக்கும் முன்பதிவு முகப்பில், மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் துணைக்கும் உரிய கட்டணச் சலுகைக்காகச் சான்றிதழோடு வரும் தமிழ்த் தாய்மாரைக் காண்கிறேன். வேலூருக்கும் சென்னைக்கும் கோயில்களுக்கும் சீட்டுக் கேட்பார்கள். மருத்துவரைத் தேடிப் போகிறார்கள்; தெய்வத்தைத் தேடிப் போகிறார்கள். கற்பிப்பவரைத் தேடிப் போகிறேன் என்று சொன்னவர் மிகச் சிலர். அப்படி ஒருவர் உண்டென்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. கல்யாண் பெண் இத்தொழிலில் புகுவாளாயின், அவள் தமிழ் அறிந்தவள் என்பதும் ஒரு தகுதியே. எந்தச் சான்றிதழிலும் அது அச்சாகாது. ஆனால் தாராவியிலும் சயானிலும் கல்யாணிலும் அதன் மதிப்பைத் தாய்மார் அறிவர்.

எங்கே படிப்பது? மத்திய அரசின் தேசிய நிறுவனங்களுக்கு இந்தியா முழுவதிலுமிருந்து விண்ணப்பிக்கலாம். இன்ன மாநிலத்தார் என்னும் தடை நம்மவர்க்கு அங்கே குறுக்கிடாது. மும்பை பாந்திராவில் செவி, பேச்சுக் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. கல்கத்தாவிலும் நொய்டாவிலும் செகந்திராபாத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. அறிவுத்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் செகந்திராபாத்தில் 1984-இல் ஏற்பட்டது. நவி மும்பையில் அதன் வட்டார மையம் உள்ளது. பார்வைத்திறன் குறைபாட்டுக்கு டேராடூன் நிறுவனமும், பூந்தமல்லியில் அதன் கிளையும் உண்டு. பல்வகைக் குறைபாட்டுக்கான நிறுவனம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிற்று. இவை அல்லாமல், மறுவாழ்வுக் கழகம் ஏற்ற தனியார் நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் உள. அவற்றின் பட்டியல் கழகத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

அஞ்சல் வழியாகத் தமிழிலேயே படிக்கலாகாதா என்று சிலர் கேட்பர். ஒரு மாநிலத்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள்ளேயே பயிற்சி நடத்த இயலும். ஆதலின் மும்பையில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நம்பித் திட்டமிட வேண்டா. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் நாடு முழுமைக்கும் உரியது. பட்டப் படிப்புக்கு அது உதவும். இத்தொழிலில் குழந்தையோடு இருந்து பயிலும் செய்முறையே பாதிக் கல்வி என்பதையும் மறவற்க.

இங்கே பெறும் சான்றிதழ் அங்கே செல்லுமா? செல்லும். மத்தியப் பதிவேடு இந்தியா முழுமைக்கும் ஒன்று. மும்பையில் பெற்ற பதிவு எண் திருநெல்வேலியிலும் கௌகாத்தியிலும் அதே எண்தான். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சி வகுப்புகளில் கலந்துகொண்ட சான்று வேண்டும். ஆனால் பதிவு எண் செல்லுவது வேறு. அரசு வேலை கிடைப்பது வேறு. தமிழ்நாட்டரசுப் பணிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் கட்டாயம். மும்பையிலேயே பிறந்து மராத்தியோ ஆங்கிலமோ வாயிலாகப் படித்த நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர், எழுதத் தெரியாது. ஊர் திரும்பிய பின் இக்குறை வாயிலில் நின்று தடுக்கும். மகாராட்டிரத்தில் மராத்தியும் அவ்வாறே. ஆதலின் இரண்டு எழுத்தையும் பழகச் செய்யுங்கள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பு எதற்கென்று கேட்போர்க்கு இதுவும் ஒரு விடை.

ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று அன்னையார் எழுதியதனால் இன்னொன்றும் சொல்லலாம். பாளையங்கோட்டையில் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்கும் பார்வையற்ற குழந்தைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றிவிட்டன. இந்நாட்டில் இத்தொழிலுக்கு மூத்த ஊர்களுள் அது ஒன்று. திரும்பிச் செல்லும் பெண் முன்னோர் இல்லாத வழியில் செல்கிறவள் அல்லள்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். தனியார் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பணியாற்றுவோருள் பலர் ஒப்பந்த முறையில் ஆண்டுக்காண்டு நீட்டிப்புப் பெற்றுக் காலம் தள்ளியவர்கள். காற்று இப்போது சற்றுத் திரும்பியிருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2015-இல் தன்னோடு இணைந்த பள்ளிகள் சிறப்புக் கல்வி ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று பணித்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவைக் குறித்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டதோடு, நெடுங்காலம் ஒப்பந்தத்தில் உழைத்தோரின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும் சொல்லிற்று. கட்டளை வேறு, நியமனத் தாள் கைக்கு வருவது வேறு என்பதை அரசு ஊழியராகிய நாம் அறிவோம். விரைவில் பெருஞ்சம்பளம் என்னும் கனவோடு இதில் புகுதல் தகாது. ஆனால், தக்க பதிவோடு புகுந்தவர்க்கு வேலை இல்லாமற் போகும் தொழிலும் இதுவன்று.

அன்னையாரும், இதே எண்ணமுடைய பிறரும் அடுத்த சில கிழமைகளில் செய்ய வேண்டுவன இவை.

முதலாவது, மகளை அருகிலுள்ள இரண்டு மூன்று சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று, வெவ்வேறு வகைக் குழந்தைகளோடு சில நாள் முழுமையாக இருக்கட்டும். மூன்றாம் நாள் மாலையும் மீண்டும் போக வேண்டும் என்று தோன்றுகிற பள்ளி எதுவோ, அதுவே அவள் பிரிவு. இரண்டாவது, அப்பிரிவை நடத்தும் நிறுவனங்களைக் கழகத்தின் பட்டியலில் பாருங்கள். மூன்றாவது, அந்நிறுவனத்துக்கு அந்தப் பிரிவில், அந்தக் கல்வியாண்டுக்கு ஒப்புதல் உண்டா என்று ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சென்ற ஆண்டின் கடிதம் போதாது. நான்காவது, அங்கே பயின்று முடித்த ஒருவரைத் தேடிப் பதிவு எண் எத்தனை நாளில் கிடைத்தது என்று விசாரியுங்கள். ஐந்தாவது, இவையெல்லாம் முடிந்த பிறகே பணம் கட்டுங்கள், ரசீது பெறுங்கள்.

அன்னையார்க்கு இறுதியாக ஒரு சொல். உங்கள் மகள் எத்தனையோ வேலைகள் இருக்க இதனை விரும்பியிருக்கிறாள். அவ்விருப்பம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். பள்ளியில் உடன் படித்த ஒரு பிள்ளையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ அவள் மனத்தில் இருக்கலாம். சான்றிதழ்களைப் பற்றிப் பேசுமுன், அந்தக் குழந்தை யார் என்று அவளைக் கேளுங்கள். எவ்வழியில் அனுப்புவது என்னும் உங்கள் வினாவுக்கு என்னைவிட அவள் நல்ல விடை சொல்வாள்.

கழகம் ஏற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பார்க்க வசதியில்லாதோர் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வந்தால், உடனிருந்து பார்த்துத் தர அணியமாக இருக்கிறேன்.

வணக்கம்.